உம்மாவின் ரிப்போட்டும் மகளின் படிப்பும்



இந்த மாதம் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். எழுதிவிட்டுக் காத்திருக்கும் மற்றச் சகோதரிகள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதம் நெல்லியடியிலிருந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் நான்கு பக்கம், இரண்டு பக்கமும் எழுதியது. 1990ல் வடக்கை விட்டுப் புத்தளம் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். கணவருக்கு நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட ஒரு புடவைக் கடை. மூத்த மகள் கணனி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்திருக்கிறாள். இனி கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நிற்கிறாள்.

"கொம்பியூட்டருக்குக் கண் வைக்கிற படிப்பாம். நோயாளிகளின் படங்களைப் பார்த்து அது சொல்லுமாம். அப்படியென்றால் மகள் டொக்டரா, இல்லையா? மாமி கேட்கிறா, மருந்து எழுதத் தெரியாத டொக்டர் என்ன டொக்டர் என்று. அவருக்கும் மனதில்லை. எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்கு எப்படிச் சம்மதம் சொல்வது?" இது சகோதரியின் கேள்வி.

நாலாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். எட்டு மாதமாகக் கை மூட்டுகளில் வலி, விடிய எழும்பினால் விரல்களை மடக்க முடியவில்லை, வாய் வறண்டு போகிறது, தலைமுடி கொட்டுகிறது. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்களாம். ரிப்போட்டில் ‘ஏ.என்.ஏ. பொசிட்டிவ், 1:160, ஸ்பெக்கிள்ட்’ என்று வந்திருக்கிறதாம். "டொக்டரிடம் திரும்பிப் போகவில்லை, கடையில் வேலை அதிகம், இதைப் பற்றிப் பயப்பட வேண்டுமா?"

சகோதரி, நீங்கள் பெரிய கேள்வியை முதலிலும் சின்னக் கேள்வியைக் கடைசியிலும் வைத்ததாக நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அதற்கும் மேலே ஒரு விஷயம்: உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான். உங்கள் ரிப்போட்டில் இருக்கும் அந்த ‘ஸ்பெக்கிள்ட்’ என்ற சொல்லைக் கணனிக்குப் படிப்பிப்பதில் போட்டி வைத்து, அதில் முதலாவதாக வந்த குழுவில் நம் யாழ்ப்பாணத்தோடு தொடர்புள்ள ஒருவர் இருந்தார். அவர் அப்போது செய்துகொண்டிருந்தது உங்கள் மகள் செய்ய விரும்புகிற அதே படிப்பு.

முதலில் ரிப்போட்டைப் பார்ப்போம்.

நம் உடம்புக்குள் வெளியிலிருந்து கிருமி வந்தால் அதை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. சிலருக்கு இந்தக் காவலாளிகள் வழி தவறி, வீட்டுக்காரரையே திருடன் என்று பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதிலும் ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் இருக்கும் கருவைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. லூபஸ், சோக்ரன், தோல் இறுகும் நோய் போன்றவற்றைச் சந்தேகித்தால் வைத்தியர்கள் இதை எழுதுகிறார்கள். லூபஸ் நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவர்கள். மூட்டு வலி, களைப்பு, முடி கொட்டுதல் என்று வருவதால், ‘வீட்டு வேலை கூடிப்போச்சு’, ‘இரத்தம் குறைவு’, ‘மனக் கவலை’ என்று சொல்லி வருடக் கணக்கில் தள்ளிப் போடப்படுகிற நோய் இது. தள்ளிப் போடுகிறவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்ல, நாமும்தான். கடையில் வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே!

பரிசோதனை செய்யும் விதம் இது. ஒரு கண்ணாடித் தகட்டில் மனித உயிரணுக்களை வளர்த்து ஒட்டி வைத்திருப்பார்கள். அதன் மேல் உங்கள் இரத்தத்தின் தெளிந்த நீரை விடுவார்கள். உங்கள் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருந்தால் அது உயிரணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தைச் சேர்த்து, மிச்சத்தைக் கழுவிவிட்டு, இருட்டறையில் விசேஷ நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். எங்கெங்கே எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் பச்சை ஒளி.

1:160 என்பது கணக்கு. தேங்காய்ப் பாலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய், ‘இன்னும் வெள்ளை தெரிகிறதா?’ என்று பார்ப்பது போல, இரத்த நீரை மேலும் மேலும் ஐதாக்கிப் பார்ப்பார்கள். 160 மடங்கு ஐதாக்கிய பிறகும் ஒளி தெரிந்திருக்கிறது என்பது உங்கள் ரிப்போட்டின் பொருள். இங்கே ஒரு ஆறுதல் உண்டு. 1997ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எந்த நோயும் இல்லாத நல்ல சுகதேகிகளைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 40 மடங்கு ஐதாக்கியபோது நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேருக்கு ஒளி தெரிந்தது. 160 மடங்கில் நூற்றுக்கு 5 பேருக்குத் தெரிந்தது. ஆகவே இந்த ஒரு தாளை வைத்து உங்களுக்கு நோய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சுகதேகி அல்லவே! எட்டு மாத மூட்டு வலியும் வாய் வறட்சியும் இந்தத் தாளோடு சேரும்போது கதை வேறு.

இனி ‘ஸ்பெக்கிள்ட்’. ஒளி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. நீங்கள் புடவைக் கடைக்காரர் மனைவி, உங்களுக்கு இதைச் சொல்வது லேசு. சிலருடைய உயிரணுக்களில் கரு முழுவதும் ஒரே பச்சை, பிளேன் துணி மாதிரி. சிலருக்கு நடுவில் இரண்டு மூன்று பெரிய பொட்டு. சிலருக்கு எண்ணி எடுக்கக்கூடிய கூர்மையான சின்னப் புள்ளிகள். சிலருக்குக் கரை மட்டும் ஒளிரும், கரை வைத்த சேலை போல. சிலருக்குக் கருவுக்கு வெளியே ஒரு பக்கமாக ஒரு பிடி ஒளி. உங்களுக்கு வந்திருப்பது பொடிப்பொட்டுச் சீத்தை: கரு முழுவதும் பொடி தூவிய மாதிரி.

இந்தக் கோலங்களில்தான் வைத்தியர்களுக்குத் தடயம். எண்ணக்கூடிய புள்ளிகள் தோல் இறுகும் நோயில் ஒரு வகையைக் காட்டக்கூடும். கரை மட்டும் ஒளிர்வது சில ஈரல் நோய்களில் தென்படும். பொடிப்பொட்டு பல நோய்களுக்குப் பொதுவானது. சோக்ரன் அவற்றில் ஒன்று. வாயும் கண்ணும் வறள்வது அதன் முக்கிய அடையாளம். அதனால்தான் உங்கள் நாலாம் பக்கத்தை நான் முதலில் படித்தேன்.

அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் யாருடையவை என்று தெரியுமா? இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ‘ஹெப்-2’ என்று அவற்றுக்குப் பெயர். 1950களில் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில், தொண்டைப் புற்றுநோய்க் கட்டி ஒன்றிலிருந்து வளர்க்கப்பட்டவை என்று நெடுநாள் நம்பினார்கள். பிறகு சோதித்தபோது அப்படியல்ல என்று தெரிந்தது. வேறொரு உயிரணு வகை எப்படியோ கலந்து, முந்தியதை அழித்து, அந்த இடத்தைப் பிடித்திருந்தது. அது ஹென்ரியெட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உயிரணு.

ஐந்து பிள்ளைகளின் தாய் அவர். 1951ல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தார்கள். அந்த உயிரணுக்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அவர் அதே வருடம் ஒக்டோபர் 4ஆம் தேதி 31 வயதில் இறந்துபோனார். அவருடைய உயிரணுக்களால் உலகமெங்கும் ஆராய்ச்சிகள் நடந்தன, கம்பெனிகள் சம்பாதித்தன. குடும்பத்துக்கு நீண்ட காலம் விஷயமே தெரியாது. 2023ல்தான் ஒரு பெரிய கம்பெனி அவருடைய வாரிசுகளோடு வழக்கில் சமரசம் செய்துகொண்டது. நெல்லியடியில் ஒரு உம்மாவின் கை வலிக்கு, எழுபது வருடத்துக்கு முன் மௌத்தான ஒரு தாயின் உயிரணு சாட்சி சொல்கிறது. உங்கள் மகள் இந்தத் துறைக்குப் போனால், அவள் முன்னால் இருக்கும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருப்பார் என்பதை அவளிடம் சொல்லிவையுங்கள். பேராசிரியர்கள் சில வேளை அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

சரி, கோலத்தைப் பார்த்துச் சொல்வது யார்? இருட்டறையில் உட்கார்ந்து பழகிய ஒரு கண். அந்தப் பழக்கம் வர வருடங்கள் வேண்டும். ஒரே தகட்டை இருவர் பார்த்தால் இருவரும் ஒன்றையே சொல்வார்கள் என்பதும் நிச்சயமில்லை. நாள் முழுவதும் பார்த்தால் கண் களைக்கும். பழகிய கண்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. அதனால்தான் உங்கள் இரத்தம் கொழும்பு வரை பயணம் போனது.

‘இதைக் கணனி பார்த்தால் என்ன?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

கணனிக்கு எது படம்? எண்கள். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு எண் போட்டு வைத்திருக்கும். ஒரு உயிரணுவின் சின்னப் படத்திலேயே ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கும். அந்த எண் குவியலைப் பார்த்து ‘இது பொடிப்பொட்டு, இது கரை’ என்று சொல்ல வைப்பதுதான் கணனிப் பார்வை என்ற துறையின் வேலை. கண்ணால் பார்ப்பது வேறு, பார்த்ததை இன்னதென்று அறிவது வேறு என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன் கெய்ரோவில் இருந்து எழுதியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணுக்குள் விழுகிறது, அதற்குப் பிறகு ஞாபகமும் ஒப்பீடும் சேர்ந்துதான் ‘இது இன்னது’ என்ற முடிவு வருகிறது என்று அவர் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். இன்று கணனியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் சிக்கல் இந்த இரண்டாவது பாதியில்தான்.

2014ஆம் ஆண்டு ஸ்வீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் இத்துறை அறிஞர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. அதையொட்டி ஏ.என்.ஏ. கோலங்களை இனங்காணும் போட்டி ஒன்று வைத்தார்கள். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள சல்லிவன் நிக்கலைட்ஸ் ஆய்வுகூடத்திலிருந்து படங்கள் வந்தன. பயிற்சிக்கென்று 13,596 உயிரணுப் படங்களை, ஒவ்வொன்றும் எந்தக் கோலம் என்ற விடையோடு கொடுத்தார்கள். போட்டிக்கான படங்களை ஒருவருக்கும் காட்டவில்லை. நீங்கள் எழுதிய கணனி நிரலை அனுப்பிவிட வேண்டும், அவர்கள் மறைத்து வைத்த படங்களில் அதை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சீல் வைத்த வினாத்தாள் மாதிரி.

அதில் முதலிடம் பெற்றது ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு. ஒரு காலத்தில் வங்காளத்துச் சணலை இறக்கிச் சாக்குத் தைத்த ஊர் அது. குழுவில் ஆறு பேர். முதல் பெயர் சியாமளன் மணிவண்ணன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து, டண்டீயில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணனி விஞ்ஞானத் துறைக்குத் திரும்பி வந்து விரிவுரையாளரானார். அந்த ஆறு பெயர்களில் மூன்றாவது ஷாஸியா அக்பர். பெண். உங்கள் மாமிக்கு இதைக் கொஞ்சம் சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

அவர்கள் செய்த வேலையை என்னால் முடிந்தவரை சொல்கிறேன், தவறினால் மகள் திருத்தட்டும். முதலில் படங்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நான்கு விதமாக அளந்தார்கள். வெளிச்சம் எவ்வளவு, புள்ளியா கோடா, பக்கத்துத் துண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்கிற மாதிரி அளவீடுகள். இப்படி ஆயிரமாயிரம் துண்டுகளை அளந்தால் சில வகைத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைச் சேர்த்து ஒரு அகராதி. பிறகு எந்த உயிரணு வந்தாலும், ‘இந்த அகராதியில் எந்தெந்தத் துண்டு எத்தனை சேர்ந்தால் இது வரும்?’ என்று எழுதிவிடலாம். உங்கள் கணவர் ஒரு முழத் துணியைக் கையில் எடுத்ததும், நூல் இது, நெசவு இது, பொட்டு இவ்வளவு நெருக்கம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறாரே, அதே வேலை.

ஆனால் பொட்டுகளை எண்ணினால் மட்டும் போதாது, எங்கே இருக்கின்றன என்பதும் வேண்டும். கரையில் இருக்கும் ஒளியும் நடுவில் இருக்கும் ஒளியும் வேறு வேறு நோயைச் சொல்லும் அல்லவா? அதற்காக உயிரணுவை முழுதாக ஒரு தரம், உள்பாகம் தனியாக, ஓரம் தனியாக என்று பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில், தீர்ப்புச் சொல்வதை ஒரு நிரலிடம் விடவில்லை. பல நிரல்கள் ஒவ்வொன்றும் தன் கருத்தைச் சொல்ல, அவற்றைச் சேர்த்து முடிவெடுத்தார்கள். நிக்காஹ் பேசும்போது ஒரு மாமாவின் பேச்சை மட்டும் கேட்டா முடிவெடுக்கிறோம்?

மறைத்து வைத்த படங்களில் அவர்களுக்குக் கிடைத்த புள்ளி உயிரணுக்களுக்கு 87.1 சதவீதம். ஒரு நோயாளியின் முழு மாதிரியையும் பார்த்துச் சொல்லும் இரண்டாவது பிரிவில் 88.5. இரண்டும் அந்தப் போட்டியின் மிக உயர்ந்த புள்ளிகள். 2016ல் இதை விரிவான ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

இந்தப் புள்ளி போடும் முறையில் ஒரு நேர்மை இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. பயிற்சிக்கான 13,596 படங்களில் பொடிப்பொட்டு வகை 2,831. கருவுக்கு வெளியே ஒரு பிடி ஒளி என்று சொன்னேனே, ‘கோல்ஜி’ என்ற அந்த அரிய வகை வெறும் 724. எல்லாப் படங்களையும் ஒன்றாகக் கூட்டிச் சதவீதம் போட்டால், அரிய வகையை அடியோடு தவறவிட்டவரும் நல்ல புள்ளி வாங்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் புள்ளி போட்டு, பிறகு சராசரி எடுத்தார்கள். குறைவாக வருகிறவர்களைக் கணக்கில் கரைத்துவிடாத முறை. வைத்தியத்தில் அரிய நோய்க்காரருக்கு இதுவே பெரிய விஷயம்.

சரி, 87 என்றால் நூற்றில் பதின்மூன்று பிழைதானே? ஆமாம். அதை மறைக்கக் கூடாது. அதே டண்டீயில், அதே ஆய்வாளர் மற்றவர்களோடு சேர்ந்து 2017ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இருக்கிறது. கண்ணின் உட்பக்கத்தை எடுத்த 576 படங்கள். விழித்திரையில் உள்ள நரம்பு நார்ப் படலம் தெரிகிறதா, தெரியவில்லையா என்பது மட்டுமே கேள்வி. அனுபவமுள்ள இரண்டு கண் வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு கணனியும் சொன்னது. எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்குக் ‘கப்பா’ என்று ஒரு அளவு உண்டு. முழுக்க ஒத்துப்போனால் 1, குருட்டுவாக்கில் ஒத்துப்போனால் 0. வைத்தியர்கள் இருவரும் தங்களுக்குள் ஒத்துப்போனது 0.62. கணனி ஒரு வைத்தியரோடு 0.65, மற்றவரோடு 0.58.

இந்த மூன்று எண்களையும் இரண்டு தரம் படித்துப் பாருங்கள். இரண்டு பெரிய வைத்தியர்கள் தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகிறார்களோ, கணனியும் அவர்களிடமிருந்து அவ்வளவே மாறுபடுகிறது. ‘கொம்பியூட்டர் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று நம்புகிறவர்களும், ‘மனிதக் கண்ணுக்கு ஈடாகுமா’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாக இருக்கத்தான் வேண்டும். விடை சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களே ஒத்துப்போகாதபோது மாணவனுக்கு எதைச் சரி என்று படிப்பிப்பது? உங்கள் மகளின் துறையில் இது இன்னும் தீராத பிரச்சினை. ஆராய்ச்சி என்பதே தீராததைத் தேடிப் போவதுதானே!

மணிவண்ணன் பெருங்குடலுக்குள் செலுத்தும் கெமராவின் படங்களில் வழமைக்கு மாறானதைக் கண்டுபிடிப்பதிலும் வேலை செய்திருக்கிறார். நான் சொன்ன அந்த அகராதி முறை இப்போது பழையதாகிவிட்டது. 2014க்குப் பிறகு சில வருடங்களுக்குள் நரம்பு வலையமைப்பு என்னும் முறை இத்துறையைப் பிடித்துக்கொண்டது. எதை அளப்பது என்று மனிதர் சொல்லிக் கொடுப்பதில்லை, படங்களைக் குவித்துக் கொடுத்தால் அதுவே தேடிக்கொள்கிறது. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம், மகள் இன்று படிப்பதும் பத்து வருடத்தில் பழையதாகலாம். அது படிப்பின் குற்றமல்ல. மருந்துக் கடையிலும் அப்படித்தான்.

சீனி வருத்தம் உள்ள சகோதரிகள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகவும் ஒரு செய்தி. நீரிழிவு கண்ணின் விழித்திரையைச் சத்தமில்லாமல் அரித்துவிடும். பார்வை மங்கும்போது பல வேளை காலம் கடந்திருக்கும். 2016ல் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 128,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு கணனி முறையைப் பயிற்றி வெளியிட்டார்கள். படங்களில் ஒரு பகுதி இந்தியக் கண் ஆஸ்பத்திரிகளிலிருந்து போனவை. பிறகு அதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் வந்த 3,049 நோயாளிகளில் சோதித்து, 2019ல் முடிவை வெளியிட்டார்கள். கண்டுபிடிக்க வேண்டிய நோயாளிகளில் மதுரையில் நூற்றுக்கு 88.9, சென்னையில் 92.1 பேரை அது கண்டுபிடித்தது. 1976ல் டொக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. கண் வைத்தியம் என்றால் மதுரை என்று நம்மவர்களும் கப்பலேறிப் போன காலம் உண்டு.

அதோடு நிறுத்தினால் பாதிக் கதை. அதே முறையைத் தாய்லாந்தில் பதினொரு சிகிச்சை நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். முதல் ஆறு மாதத்தில் அங்கே எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவு போதாது என்று கணனி ஏற்க மறுத்துவிட்டது. காரணம் சின்னது: அறை போதிய இருட்டாக இல்லை. தாதிமார் வேறு வேலைகளும் நடக்கும் அறையில் படம் எடுத்தார்கள். இணையம் மெதுவாக ஓடிய இடங்களில் வரிசை நீண்டது. மறுக்கப்பட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள், இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. ஆய்வுகூடத்தில் கெட்டிக்காரனாக இருந்த பிள்ளை ஊருக்கு வந்ததும் திணறிய மாதிரி! 2020ல் இதையும் ஒளிக்காமல் ஆய்வாளர்களே எழுதினார்கள். நெல்லியடியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி அறையில் யன்னல் சேலை எப்படிப் பறக்கும், கரண்ட் எப்போது போகும் என்று தெரியும். கலிபோர்னியாக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

இனி உங்கள் மாமியின் கேள்வி. இல்லை, மகள் மருந்து எழுதமாட்டாள். கலாநிதிப் பட்டம் பெற்றவரையும் டொக்டர் என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. அவள் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறவள் அல்ல. மூன்று நான்கு வருடம் ஒரே கேள்வியோடு இருப்பாள். படங்களுக்கு அனுமதி கேட்டு எழுதுவாள், விடை குறித்துத் தரும்படி வேலை நெருக்கடியிலுள்ள வைத்தியர்களின் பின்னால் நடப்பாள், நிரல் எழுதுவாள், அது பிழைக்கும், மறுபடி எழுதுவாள். வெளியே தெரியாத வேலை. திருமண வீட்டில் விளக்கிச் சொல்லவும் முடியாது. அதற்கு ஆயத்தமா என்று அவளிடம் கேளுங்கள். சம்பளம், உதவித்தொகை, மேற்பார்வையாளர் யார், முடித்தபின் எங்கே வேலை என்பதையும் கேளுங்கள். அது சந்தேகப்படுவது ஆகாது, பெற்றவர்களின் உரிமை.

வெளிநாடு என்றால் மனம் தயங்குகிறது என்று உங்கள் கணவர் சொல்வதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தரம் ஊரை விட்டு அனுப்பப்பட்டவர்களுக்குப் பிரிவு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் தெரிவு வெளிநாடா வீடா என்று மட்டும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பஸ் தூரந்தான். இத்துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் அங்கே படிப்பித்திருக்கிறார்கள். முதலில் முதுமாணி ஆராய்ச்சியாக ஒன்றைச் செய்து பார்க்கட்டும். அந்தக் களைப்புக்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்று நின்றால், அப்போது உங்கள் கணவரும் வேறு மாதிரி யோசிப்பார். எனக்குக் கேட்டால் அவளை விடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் நான் தூரத்தில் இருந்து சொல்கிறவள்.

மகளின் விஷயத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். உங்கள் விஷயத்துக்குப் பொறுக்க முடியாது. லூபஸ் போன்ற நோய்கள் சிறுநீரகத்தை வலியில்லாமல் பழுதாக்கக் கூடியவை. வலி இல்லை என்பதால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது. உங்களுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. ரிப்போட்டை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையை அவர் எழுதாவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். விடியற்காலையில் விரல்கள் எத்தனை நேரம் விறைத்திருக்கின்றன, வாய் எப்போது வறள்கிறது, வெயிலில் போனால் முகத்தில் தழும்பு வருகிறதா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் எல்லாம் மறந்துபோகும், எனக்கும் அப்படித்தான். மகளையும் கூட அழைத்துப் போங்கள். அந்த ரிப்போட்டில் உள்ள சொல்லின் கதை அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கடையை அன்று ஒரு நாள் உங்கள் கணவரும் மாமியும் பார்த்துக்கொள்ளட்டும். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இம்முறை முதல் பக்கத்தில்.